சிபெக்யூ பள்ளத்தாக்கின் கதைகளை ஏட்டில் ஏற்றிய புத்தகம்

அரிசோனாவின் அப்பாச்சிப் பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தின் இடங்களோடு சேர்த்துச் சொல்லும் கதைகளைப் பற்றி அமெரிக்க மானிடவியலாளர் கீத் பாஸோ எழுதிய 'விஸ்டம் சிட்ஸ் இன் பிளேசஸ்' புத்தகத்தை யாருக்கு வாங்கித் தரலாம் என்று கேட்டால், வாய்மொழிக் கதைகளைப் பதிவு செய்யும் வேலையில் இருக்கும் அத்தனை பேருக்கும் என்பேன். 1996-இல் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. இருநூறு பக்கத்துக்குள் அடங்கிவிடும் சின்னப் புத்தகம். ஃபீனிக்ஸ் நகரில் ஒரு பழைய புத்தகக் கடையில் பத்து டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. யாரோ ஒரு மாணவர் முதல் இரண்டு அத்தியாயங்களில் வரிக்கு வரி பென்சிலால் கோடு போட்டிருந்தார். அதற்கப்புறம் கோடுகளே இல்லை. அந்த மாணவர் நிறுத்திய இடத்துக்குப் பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் வருகின்றன.

நான் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை செய்கிறேன். காதில் ஹெட்ஃபோன், காலடியில் பெடல். அழுத்தினால் பேச்சு ஓடும், விட்டால் நிற்கும். நீதிமன்றச் சாட்சியம், மருத்துவர்களின் குறிப்பு இவற்றோடு முதியவர்களின் நினைவுப் பதிவுகளும் அவ்வப்போது வரும். மனதை உலுக்குவது இந்த மூன்றாவது வகைதான். பேசுகிறவர் நடுவில் நிறுத்துவார். பக்கத்தில் இருக்கும் யாரையோ பார்ப்பார். சன்னலுக்கு வெளியே கையைக் காட்டி "அதோ, அங்கேதான்" என்பார். என் தாளில் விழுவது அந்த இரண்டு சொற்கள் மட்டும். எந்த இடம், யார் முகத்தைப் பார்த்துச் சொன்னார், அந்தக் கதையை அன்றைக்கு ஏன் எடுத்தார் என்பதெல்லாம் தாளுக்கு வராமலே போய்விடும். அப்பாச்சி மக்களின் கதைகளுக்கு இந்த மூன்றும்தான் உயிர். அதனால் இந்தப் புத்தகத்தை ஒரே ஒரு கேள்வியோடு படித்தேன்: மற்ற தாள்களில் விழாமல் போனது இதில் விழுந்திருக்கிறதா? பெரும்பாலும் விழுந்திருக்கிறது. எப்படி என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

சிபெக்யூ என்பது அரிசோனாவின் கிழக்குப் பகுதியில், ஒயிட் மவுண்டன் அப்பாச்சி என்ற பிரிவினரின் ஃபோர்ட் அப்பாச்சி ரிசர்வேஷனுக்குள் (பழங்குடியினருக்கென ஒதுக்கிய நிலப்பகுதிக்குள்) இருக்கும் ஓர் ஊர். பாஸோ 1959-இல் கல்லூரி மாணவராக அங்கே போனவர். பிறகு மொழியியல், மானிடவியல் என்று படித்துப் பேராசிரியரானாலும் அந்த ஊரை விடவில்லை. 1979-இல் பழங்குடிக் குழுவின் தலைவராக இருந்த ரானி லூப் அவரிடம் ஒரு வேலையைச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் வரைந்த நிலப்படங்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன, எங்கள் பெயர்களோடு எங்கள் நிலப்படம் ஒன்று வேண்டும் என்றார். 1984 வரை அந்த வேலை நடந்தது. ஊர்ப் பெரியவர்களோடு குதிரையில் போய், ஒவ்வோர் இடமாக நின்று, பெயரையும் கதையையும் கேட்டு எழுதினார் பாஸோ. ஊரைச் சுற்றிப் பதிவான இடங்கள் மட்டும் 296. ஒரு ஊற்று, ஒரு பாறைக் கூட்டம், இரண்டு குன்றுக்கு நடுவே இறங்கும் ஒரு தடம் என்று வெளியூர்க்காரர் பெயர் வைக்கவே நினைக்காத இடங்கள் அவற்றில் நிறைய.

முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சி வருகிறது. பாஸோவும், சார்லஸ் ஹென்றி என்ற பெரியவரும், அவருடைய உறவினர் மார்லி க்ராம்வெல்லும் குதிரையில் போகிறார்கள். ஒரு நீர்நிலையின் பெயரைச் சார்லஸ் சொல்கிறார். பாஸோ திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார், வாயில் நுழையவில்லை. மறுபடி முயல்கிறார், அப்போதும் வரவில்லை. பரவாயில்லை, டேப்பில் பதிவாகிவிட்டது, வீட்டுக்குப் போய்ப் பழகிக்கொள்கிறேன் என்கிறார். பெரியவருக்குக் கோபம் வருகிறது. அவசரப்படுகிறான், இது சரியில்லை என்று மார்லியிடம் அப்பாச்சி மொழியில் சொல்கிறார். அவன் திருப்பிச் சொல்வது நம் முன்னோர்களின் பேச்சு என்று அவனிடம் சொல் என்கிறார். பாஸோ இதை ஒளிக்காமல் அப்படியே அச்சில் வைத்திருக்கிறார்.

இந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். ஏனென்றால் பதிவு செய்கிறவர்கள் எல்லோரும் நம்பும் ஒரு விஷயத்தை அந்தப் பெரியவர் ஒரே பேச்சில் தட்டிவிட்டார். கருவியில் ஏறிவிட்டால் காப்பாற்றியாயிற்று என்று நினைக்கிறோம். அவருக்கோ, அந்த இடத்தில் நின்றுகொண்டு, முன்னால் வந்தவர்கள் சொன்ன அதே சொற்களைத் தன் வாயால் முறையாகச் சொல்வதுதான் காப்பாற்றுவது. நாடா ஓடுவது அதற்கு உதவலாம், ஈடாகாது. ஒரு புத்தகம் தன் முதல் அத்தியாயத்திலேயே இதைச் சொல்லிவிட்டால், மீதியைப் படிக்கும்போது நமக்கும் அந்த நிதானம் வந்துவிடுகிறது.

அதே அத்தியாயத்தில், வறண்டு கிடக்கும் ஒரு ஊற்றுக்கு வருகிறார்கள். பெயரில் தண்ணீர் இருக்கிறது, தரையில் இல்லை. முன்னோர்கள் வந்து பார்த்தபோது அது எப்படி இருந்தது என்பதைப் பெயர் பிடித்து வைத்திருக்கிறது. சார்லஸ் ஹென்றி அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. முதன்முதலில் அந்த நிலத்துக்கு வந்து சேர்ந்த மனிதர்களாகவே மாறி, அவர்கள் எதைப் பார்த்தார்கள், தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவர்கள் குரலில் பேசுகிறார். பாஸோ அந்தப் பேச்சை இடைவெளிகளோடு தாளில் இறக்கியிருக்கிறார்.

அப்புறம் அந்தப் பந்தல் கதை. இதைச் சொல்லாமல் போக மனமில்லை. ஒரு குடும்பத்தாரிடம் சோளம் ஏராளமாக விளைந்திருக்கிறது. உறவுக்காரர்களிடம் ஒன்றுமில்லை. வந்து கேட்கிறார்கள், கொடுக்க மறுக்கிறார்கள். கோபம் கொண்ட உறவுக்காரர்கள் அவர்களுடைய இருப்பிடத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு, வெளிக்குப் போகக்கூட விடவில்லை. வேறு வழியில்லாமல் தாங்கள் சமைத்துத் தின்று உட்காரும் தழைப் பந்தலுக்குள்ளேயே எல்லாம் நடக்கிறது. நாற்றம் தாங்காமல், உடம்பு கெடும் நிலை வந்ததும் சோளத்தைப் பகிர்கிறார்கள். அந்த இடத்தின் பெயரே பீப் பந்தல்கள் என்று நின்றுவிட்டது. பாஸோ இதை மென்மையாக்கவில்லை, நல்ல காரியம் செய்தார். கருமித்தனத்துக்கு இதைவிட நேரான கதையை நான் கேட்டதில்லை. பெயரைச் சொன்னாலே சிரிப்பும் வரும், கூச்சமும் வரும், பாடமும் வரும். பள்ளிக் குழந்தைகளுக்கான கதைத் தொகுப்புகளில் இப்படிப்பட்டவற்றைச் சுத்தம் செய்து வெளியிடுவதைப் பார்த்திருக்கிறேன். சுத்தம் செய்துவிட்டால் இந்தக் கதையில் மிச்சம் எதுவும் இருக்காது.

இரண்டாவது அத்தியாயம்தான் அதிகம் பேசப்பட்டது. நிக் தாம்ஸன் என்ற பெரியவர் அதில் வருகிறார். கதை என்பது வேட்டை என்கிறார். ஒருவர் தப்பாக நடந்துகொண்டால், பெரியவர் ஒருவர் அவரைக் குறி வைத்து ஒரு கதையை எய்கிறார். பெயர் சொல்லித் திட்டுவதில்லை. 'இன்ன இடத்தில் நடந்தது' என்று தொடங்கி, நாலைந்து நிமிடத்துக்குள் முடித்து, 'இன்ன இடத்தில் நடந்தது' என்றே முடிக்கிறார். கதை யாருக்காக என்பது அந்த ஒருவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும். அதற்கப்புறம் அந்த மனிதர் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் கதை திரும்பி வந்து குத்தும். சொன்ன பாட்டி செத்துப் போனாலும் மலை அங்கேயே இருக்கும், நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

இதற்குப் பாஸோ தன் கண்ணால் பார்த்த ஒரு நிகழ்ச்சியைக் கொடுக்கிறார். 1977-இல் ஒரு பெண் வயதுக்கு வந்த சடங்கு நடக்கிறது. அங்கே வரும் பெண்கள் கூந்தலை அவிழ்த்து விட்டிருக்க வேண்டும் என்பது மரியாதை. வெளியூர் விடுதிப் பள்ளியிலிருந்து ஊர் திரும்பியிருந்த பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, முடியைச் சுருட்டும் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் உருளைகளோடு வந்து நிற்கிறாள். அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுமார் இரண்டு வாரம் கழித்துப் பாட்டி வீட்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது பாட்டி ஒரு கதை சொல்கிறார். வெள்ளையரின் பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்துபோன ஓர் அப்பாச்சிப் போலீஸ்காரன், பசிக்காக மாடு கொன்ற தன் இனத்தானைப் பிடித்துக்கொண்டு ஃபோர்ட் அப்பாச்சி ராணுவ முகாமுக்குப் போனானாம். அதிகாரி முன்னால் நின்றதும் எதற்காக வந்தோம் என்பதே நாக்கில் வரவில்லை. திரும்பத் திரும்ப உளறினானாம். கதை முடிந்ததும் அந்தப் பெண் எழுந்து ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று பாஸோ கேட்க, அம்பு எய்தேன் என்றாராம் பாட்டி.

இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பெண்ணைப் பாஸோ தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார். கதை நடந்த இடம் வழியில் வருகிறது. அந்த இடம் தன்னை நாள்தோறும் பின்தொடர்கிறது என்கிறாள் அவள்.

இந்த நிகழ்ச்சியில் போலீஸ்காரன் கதையை மட்டும் எடுத்து எழுதியிருந்தால் அரைப் பக்கம் வந்திருக்கும். படிப்பவருக்கு அது ஒரு விசித்திரமான துணுக்கு, அவ்வளவுதான். சடங்கு, உருளை, இரண்டு வார மௌனம், விருந்து, அவள் எழுந்து போனது, இரண்டு ஆண்டுக்குப் பிந்தைய அந்தப் பேச்சு இவ்வளவும் சேர்ந்தால்தான் அது அப்பாச்சிக் கதை. கதை என்பது சொன்ன சொற்களோடு முடிந்துவிடுவதில்லை என்று சொல்லும் கட்டுரைகள் எத்தனையோ உண்டு. அதைக் காட்டிய பக்கங்கள் எனக்குத் தெரிந்து இவைதான்.

மூன்றாவது அத்தியாயத்தில் பென்சில் கோடுகள் நின்றுவிடுகின்றன. எனக்கோ இதுதான் புத்தகத்தின் உச்சம். லோலா மஷூஸ் என்பவரின் வீடு. வெயில் நேரம். லூயிஸ் என்ற பெண் கவலையோடு வருகிறார். அவருடைய தம்பி பாம்புச் சட்டையை மிதித்துவிட்டு, செய்ய வேண்டிய பரிகாரத்தைச் செய்யாமல் விட்டு, உடம்புக்கு முடியாமல் போயிருக்கிறான். யாரும் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. லோலா ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி, அங்கே நடந்தது என்கிறார். மௌனம். எமிலி என்பவர் இன்னோர் இடத்தின் பெயரைச் சொல்கிறார். மறுபடி மௌனம். மூன்றாவதாக ஒரு பெயர். லூயிஸ் மெல்லச் சிரிக்கிறார். லோலாவின் கணவர் ராபர்ட், நல்லது நடக்கும் என்கிறார். கடைசியில் லூயிஸ் அங்கே கிடக்கும் நாயைப் பார்த்து, என் தம்பி முட்டாள்தானே என்று கேட்கிறார். அவ்வளவுதான் உரையாடல்.

இந்த மௌனங்களை 30 முதல் 45 வினாடி என்று பாஸோ அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார். என் வேலையில் 45 வினாடி மௌனம் வந்தால் அழித்துவிடச் சொல்வார்கள். வாடிக்கையாளருக்குப் பேச்சுதான் வேண்டும். இங்கே பேச்சைவிட அந்த இடைவெளிகளில்தான் வேலை நடக்கிறது. பெயரைக் கேட்டதும் லூயிஸ் மனதுக்குள் அந்த இடத்துக்குப் போகிறார், முன்னோர் நின்ற இடத்தில் நின்று பார்க்கிறார், அங்கே நடந்த கதையை நினைக்கிறார். அந்தக் கதைகளில் தம்பியைப் போல அசட்டையாக இருந்தவர்கள் அடிபட்டார்கள், பிறகு மீண்டும் வந்தார்கள். தம்பியைக் குறை சொல்லாமலே குறையும் சொல்லியாயிற்று, தைரியமும் கொடுத்தாயிற்று. கதையை முழுசாகச் சொல்லியிருந்தால் அது லூயிஸை எல்லோர் முன்னாலும் கூச வைத்திருக்கும். இந்த நயத்தை உணர்ந்தவர்களே பிறகு பாஸோவுக்கு விளக்குகிறார்கள், அவர் அவர்களுடைய விளக்கத்தையே முன்னால் வைக்கிறார். உரையாடலை அப்பாச்சி மொழியிலும் கொடுத்திருப்பது இன்னொரு நல்ல விஷயம்.

நான்காவது அத்தியாயம் நீளமானது. டட்லி பேட்டர்ஸன் என்ற குதிரைக்காரர் அதன் நாயகர். இடங்களில் ஞானம் உட்கார்ந்திருக்கிறது, வற்றாத தண்ணீரைப் போல, போய்க் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதுதான் புத்தகத்தின் தலைப்பு. காதல் மயக்கத்தில் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பும் ஓர் இளைஞனை, ஒரே ஓர் இடப்பெயரைச் சொல்லி மற்றவர்கள் கிண்டல் செய்யும் காட்சி அழகானது. ஆந்தைக் கிழவர் என்ற கதாபாத்திரத்தை இரண்டு சகோதரிகள் ஆட்டி வைத்த கதை நடந்த இடம் அது. பெயரைக் கேட்டதும் இளைஞனுக்குப் புரிந்துவிடுகிறது, அவனும் சிரித்துவிடுகிறான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த அத்தியாயங்களில் சில முதலில் ஆய்விதழ்களுக்காக எழுதப்பட்டவை. அதனால் நடுநடுவே ஹைடெக்கர், சார்த்ர், பக்தின் என்று மேற்கத்தியச் சிந்தனையாளர்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நிக் தாம்ஸன் பேசி முடித்த கையோடு அவர்களைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. நான்காவது அத்தியாயத்தின் தொடக்கப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டு, குதிரைகள் வரும் இடத்துக்குப் போய்விடலாம். எதையும் இழக்க மாட்டீர்கள்.

இன்னொரு குறை பெரியது. இரண்டாவது அத்தியாயத்தின் கதைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. இடப்பெயர்கள் அப்பாச்சியில் இருக்கின்றன, கதையின் ஓட்டம் இல்லை. சிபெக்யூவில் இன்று வளரும் ஒரு பிள்ளை தன் மொழியில் கதையை வாசிக்க விரும்பினால் இந்தப் புத்தகம் பாதி வழிதான் கொண்டு போகும். விடுதிப் பள்ளிகளில் தாய்மொழியைப் பேசவிடாமல் தடுத்த காலம் ஒன்று இருந்தது. ஃபோர்ட் அப்பாச்சியிலேயே ராணுவம் 1922-இல் போனதும் அந்தக் கட்டடங்களில் 1923-இல் திறந்தது ஒரு விடுதிப் பள்ளிதான். அந்த வரலாறு உள்ள இடத்தில் மூலமொழியில் ஒவ்வொரு வரியும் முக்கியம்.

மூலமொழி வேண்டுமென்றால் பழைய தொகுப்புகளுக்குத்தான் போக வேண்டும். மொழியியலாளர் ஹாரி ஹோய்ஜர் 1938-இல் வெளியிட்ட, சிரிகாவா, மெஸ்கலேரோ என்ற வேறு இரண்டு அப்பாச்சிப் பிரிவினரின் கதைத் தொகுப்பில் அப்பாச்சி மூலமும் ஆங்கிலமும் இருக்கின்றன, மானிடவியலாளர் மாரிஸ் ஓப்ளரின் குறிப்புகளும் உண்டு. நியூ மெக்ஸிகோவின் மெஸ்கலேரோ ரிசர்வேஷனில் கேட்டு எழுதியவை. மொழியைப் படிப்பவருக்கு அது பொக்கிஷம். ஆனால் அதில் கதை யார் முகத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பது கிடையாது. அதற்குக் காரணம் தொகுத்தவர்கள் மட்டும் என்று சொல்ல முடியாது. சிரிகாவா மக்களை 1886-இல் போர்க்கைதிகளாக ரயிலேற்றி ஃப்ளோரிடாவுக்கும், பிறகு அலபாமாவுக்கும், அப்புறம் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில்லுக்கும் கொண்டு போனார்கள். 27 ஆண்டு கழித்து 1913-இல்தான் விடுதலை. பாதிக்கு மேற்பட்டவர்கள் மெஸ்கலேரோவுக்கு வந்து சேர்ந்தார்கள். தங்கள் மலைகளை விட்டுத் தூரத்தில் உட்கார்ந்து சொன்ன கதைகள் அவை. சன்னலுக்கு வெளியே கை நீட்டி அதோ அங்கே என்று காட்ட அவர்களுக்கு இடம் இல்லை. சிபெக்யூ மக்கள் தங்கள் பள்ளத்தாக்கிலேயே இருந்தார்கள், பாஸோவால் இப்படி ஒரு புத்தகம் எழுத முடிந்ததற்கு அதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். இந்த வேறுபாட்டைப் பாஸோ இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

ஒயிட் மவுண்டன் பகுதிக் கதைகளைக் க்ரென்வில் குட்வின் தொகுத்து 1939-இல் வெளியிட்டார். கதைகள் நிறைய, படிக்கவும் சுகம். ஆனால் கொயோட்டி என்ற தந்திரக்கார ஓநாய் வகை விலங்கின் கதைகள் குளிர்கால இரவுகளுக்கு உரியவை. பாம்பும் இடியும் அடங்கிக் கிடக்கும் காலத்தில்தான் அவற்றைச் சொல்ல வேண்டும் என்பது முறை. அச்சுப் புத்தகத்துக்குப் பருவம் கிடையாது, ஜூலை மாதம் மத்தியானத்திலும் திறந்துகொள்ளும். இது தீர்வு எளிதில்லாத விஷயம். நான் கொயோட்டிக் கதைகளைக் குளிர்காலத்துக்கு என்று ஒதுக்கி வைத்துப் படிக்கிறேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அப்படிச் செய்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

எழுத்து என்றாலே வெளியிலிருந்து வந்த கை என்று நினைத்துவிடவும் கூடாது. சிரிகாவா போர்வீரர் ஜெரோனிமோ ஃபோர்ட் சில்லில் கைதியாக இருந்தபோது தன் வாழ்க்கையைச் சொன்னார், ஆசா டக்லுகி மொழிபெயர்த்தார், எஸ். எம். பாரெட் எழுதினார், 1906-இல் அச்சாயிற்று. சொல்லும்போது குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது, நான் சொன்னதை எழுது என்பதுதான் ஜெரோனிமோவின் நிபந்தனை. சுருக்கெழுத்தாளரையும் அவர் உட்கார விடவில்லை. எழுதுகிறவர் எப்படி உட்கார வேண்டும் என்பதைச் சொல்கிறவர் தீர்மானித்திருக்கிறார். சைலஸ் ஜான் எட்வர்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒயிட் மவுண்டன் அப்பாச்சியான இவருக்கு 1904-இல் கிடைத்த தரிசனத்தில் 62 பிரார்த்தனைகளும் அவற்றை எழுதும் குறிகளும் வந்தன. அந்தக் குறிகளில் சொல்ல வேண்டிய சொற்களோடு, அந்த நேரத்தில் செய்ய வேண்டிய செய்கைகளும் அடங்கியிருந்தன. பாஸோவும் சான் கார்லோஸ் அப்பாச்சியான நெட் ஆண்டர்ஸனும் இதை 1973-இல் 'சயின்ஸ்' இதழில் விவரித்தார்கள். சடங்கில் உடம்பு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதும் முறையை ஓர் அப்பாச்சி மனிதர் தானே உண்டாக்கியிருக்கிறார். பாஸோ அடைப்புக்குறிக்குள் மௌனத்தை எழுதியதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சைலஸ் ஜான் நினைவுதான் வருகிறது.

பாஸோவின் புத்தகத்தில் பெண்களின் குரல் குறைவு. லோலா வீட்டு அத்தியாயமும், அம்பு எய்த பாட்டியும் இருந்தாலும், குதிரையில் கூட வந்தவர்கள் ஆண்கள்தான். இந்தக் குறைக்கு மருந்து அவரே துணை நின்ற இன்னொரு புத்தகத்தில் இருக்கிறது. 1913-இல் பிறந்த ஈவா டுலீன் வாட் தன் ஒயிட் மவுண்டன் அப்பாச்சிக் குடும்பத்தின் கதையை 1860-லிருந்து 1975 வரை சொன்ன 'டோன்ட் லெட் த சன் ஸ்டெப் ஓவர் யூ', 2004-இல் அரிசோனா பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வந்தது. அட்டையில் ஆசிரியர் பெயர் ஈவா வாட். பாஸோவின் பெயர் உதவியவர் என்ற இடத்தில் இருக்கிறது. ஓர் ஆய்வாளர் தன் பெயரை இறக்கி வைத்து, சொன்னவரின் பெயரை ஏற்றி வைப்பது அடிக்கடி நடப்பதில்லை. எட்டு ஆண்டு இடைவெளியில் வந்த இந்த இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படித்தால், சார்லஸ் ஹென்றியின் கண்டிப்பு எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று தெரியும்.

வாங்கலாமா? கட்டாயம் வாங்கலாம். கதைகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துவிட்டுப் போக விரும்புகிறவர்கள் குட்வினை எடுத்துக்கொள்ளுங்கள், இதில் கதைகளின் எண்ணிக்கை குறைவு. அப்பாச்சி மொழி கற்கிறவர்கள் ஹோய்ஜரையும், ஃபோர்ட் அப்பாச்சியில் எட்கர் பெர்ரியும் மற்றவர்களும் சேர்ந்து 1972-இல் கொண்டுவந்த அகராதியையும் தேடுங்கள். தங்கள் வீட்டு முதியவரிடம் ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு உட்காரப் போகிறவர்கள், உட்காருவதற்கு முன்னால் இதன் முதல் அத்தியாயத்தையும் மூன்றாவது அத்தியாயத்தையும் படியுங்கள். மின்னூலைவிட அச்சுப் பிரதி நல்லது. அப்பாச்சி எழுத்தின் மூக்கொலிக் குறிகளும் தொனிக் குறிகளும் சின்னத் திரையில் சில சமயம் உடைந்து தெரிகின்றன.

புத்தகத்தைப் படித்த பிறகு நான் நெடுஞ்சாலை 60-இல் குளோப் ஊரைத் தாண்டி, சால்ட் ரிவர் கேன்யனில் இறங்கி ஏறி, காரிஸோ வழியாக ஃபோர்ட் அப்பாச்சிக்குப் போனேன். சிபெக்யூவுக்குத் திரும்பும் சாலை வழியில் வருகிறது, நான் திரும்பவில்லை. புத்தகத்தில் படித்த பாறையைத் தேடிக்கொண்டு ஒருவர் வாழும் ஊருக்குள் போய் நிற்பது முறையில்லை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி உள்ளே சுற்றுவதற்குப் பழங்குடி அரசின் அனுமதிச் சீட்டும் வேண்டும். ஃபோர்ட் அப்பாச்சியில் அந்த மக்களே நடத்தும் நோவிக்கே பாகோவா அருங்காட்சியகம் இருக்கிறது, வருகிறவர்களுக்காகவே திறந்து வைத்திருக்கிறார்கள். 1985-இல் தீயில் போன பழைய பண்பாட்டு மையத்துக்குப் பதிலாக 1997-இல் எழுப்பியது. பாஸோவைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள் நேராக அங்கே போங்கள், திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.